வன்னியிலிருந்து இருவராக உளவளத்துணைக்குப் போகிறோம்: இரண்டு வருடத்துக்குப் பிறகு எழுதுவது

புருசன் பெண்சாதி சேர்ந்து கவுன்சிலிங் போவதில் பிரயோசனம் இருக்கா என்று எனக்குத் தெரிந்த சிலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு மேலாக நாங்கள் போகிறோம், தெரிந்ததை ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் நிலைமையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். 2009 மே மாதம் வட்டுவாகலில் என் முதல் கணவரை இராணுவத்திடம் ஒப்படைத்தேன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை, எடுக்கப்போவதும் இல்லை. இப்போது என்னோடு இருப்பவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கிளிநொச்சிக்குக் கிட்ட மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். எங்களுக்குப் பதிவுத் திருமணம் இல்லை. மகள் அவரைச் சித்தப்பா என்கிறாள். முதல் கணவரின் தாய், என் மாமி, இரண்டு வளவு தள்ளித்தான் இருக்கிறா. நான் பொட்டு வைத்தாலும் ஊர் கதைக்கும், வைக்காவிட்டாலும் கதைக்கும்.

முதலில் போனது ஒரு அரச அலுவலகத்துக்கு. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், காசு கேட்கமாட்டார்கள், அது பெரிய விசயம். ஆனால் எங்களுக்கு வாய்த்த இடத்தில் கதவு திறந்தே இருந்தது. வெளியே வீட்டுத்திட்டப் படிவத்தோடு நின்றவர் எங்கள் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். உத்தியோகத்தரிடமிருந்து வந்த முதல் கேள்வி, "பதிவு செய்யாமல் எப்படி இருக்கிறீங்கள்?" அடுத்தது, "மரணச் சான்றிதழை எடுத்துப்போட்டு முன்னேறப் பாருங்கோ." என்னோடு வந்த இவர் எழும்பி வெளியே போய்விட்டார். அதே வேலையைச் செய்கிற வேறொருவர் என் சிநேகிதி வீட்டுப் பிரச்சினையை அவ்வளவு பக்குவமாகக் கையாண்டார், அதனால் எல்லாரையும் ஒரே கணக்கில் போட முடியாது. ஆனால் சிநேகிதி நம்பிக் கதைக்கத் தொடங்கின நேரம் அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது.

இப்போது போனில், வீடியோவில், ஒரு தமிழ் உளவளத்துணையாளரோடு கதைக்கிறோம். மிஸ் என்றுதான் கூப்பிடுகிறோம். கடை வருமானத்தைச் சொன்னதும் கட்டணத்தைக் குறைத்தார். தொடக்கத்தில் எங்களைச் சேர்த்து வைத்துக் கதைக்கவில்லை. ஒவ்வொருவரோடும் தனியாக ஒரு அமர்வு. அடி, மிரட்டல், காசைப் பிடித்து வைப்பது உண்டா என்று நேராகவே கேட்டார். அப்படி இருந்தால் இருவரையும் ஒன்றாக இருத்திக் கதைப்பது ஆபத்து, வீட்டுக்குப் போனதும் அந்தக் கதைக்கே அடி விழும் என்றார். அவர்களுக்கு வேறு வழி காட்டுவாராம்: 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம், 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்பது. இதைக் கேட்காமல் நேரே "சமாதானமாகப் போங்கோ" என்று தொடங்குகிறவரிடம் போகவே வேண்டாம்.

எங்கள் சண்டைக்கு ஒரு வடிவம் இருந்தது. நான் கேட்டுக் கேட்டுத் துரத்துவேன், அவர் கடைக்குள் போய் ஸ்பானரோடு இருந்துவிடுவார். அவர் ஒதுங்க ஒதுங்க என் குரல் ஏறும். சூ ஜோன்சன், லெஸ்லி கிரீன்பெர்க் என்ற இருவர் 1980களில் கனடாவில் சோடிகளுக்கென்று உருவாக்கிய உளவளத்துணை முறையில் இந்தச் சுற்றைத்தான் முதலில் இருவருக்கும் காட்டுவார்களாம். அப்புறம் ஜோன் கொட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சோடிகளைக் கதைக்கவிட்டு இதயத் துடிப்பை அளந்து பார்த்திருக்கிறார். துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் என்ன சொன்னாலும் காதில் ஏறாது, குறைந்தது 20 நிமிடம் விலகி இருக்க வேண்டும், ஆனால் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இவர் கடைக்குள் போவது இப்போதும் நடக்கிறது. "சாப்பாட்டுக்கு முதல் வாறன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அது காணும்.

எல்லாம் சரிவந்தது என்றில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நன்றி சொல்லும் பயிற்சியில் இரண்டு பேருக்கும் சிரிப்புத்தான் வந்தது. இவர் வெட்கத்தில் போனை நிறுத்திவிட்டார். மிஸ் அதை விட்டுவிட்டு, எங்கே இருந்தால் உங்களுக்குக் கதை வரும் என்று கேட்டார். மோட்டார் சைக்கிளில் என்றார் இவர். ஏ9 வீதியில் அவர் முன்னால், நான் பின்னால், முகம் பார்க்கத் தேவையில்லை. பரந்தன் சந்திக்குப் போய்த் திரும்புவதற்குள் வீட்டில் ஒரு மாதத்தில் வராத கதை வரும்.

பெரிய விசயம் முதல் கணவர்தான். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டத்துக்குப் படத்தோடு போகிறவள் நான். போய் வந்தால் இவர் இரண்டு நாள் பேசமாட்டார். பொறாமை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் அமர்வில் சொன்னார், "அவர் வந்தால் நான் எங்க போறது?" அந்தக் கேள்விக்கு மிஸ் பதில் சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. போலின் பொஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியரைப் பற்றிச் சொன்னார். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்தவர். உடல் கிடைக்காத இழப்புக்கு முடிவு கட்டச் சொல்லி நெருக்கக் கூடாது, இருக்கலாம் என்பதையும் இல்லாமல் இருக்கலாம் என்பதையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொண்டு வாழ ஆட்களுக்கு முடியும் என்பது அவருடைய கருத்து. எங்களுக்கு அது புதுசில்லை, வன்னியில் எத்தனையோ பெண்கள் அப்படித்தான் வாழ்கிறார்கள். ஆனால் அதை நோய் என்று சொல்லாத ஒருவரை இருவரும் சேர்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. போராட்டத்துக்கு இவரே இப்போது என்னைக் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார். மாமிக்குத் தண்ணி மோட்டர் திருத்திக் கொடுத்ததும் அதற்குப் பிறகுதான்.

இரவில் இல்லாத காலில் வலி வரும் என்பதையும் அவர் முதன்முதல் சொன்னது அமர்வில்தான், கிளினிக்கில்கூடச் சொல்லியிருக்கவில்லை. மிஸ் அதை மனப்பிரச்சினை என்று எடுக்காமல் வைத்தியரிடம் அனுப்பினார். கட்டில் விசயங்களையும் கேட்டார், வெளிச்சத்தில் பொய்க்காலைக் கழற்ற அவருக்கு இருந்த கூச்சம் உட்பட. இதற்கு மேல் எழுதமாட்டேன்.

சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள் எனக்குத் தெரியும். அவர்களும் இதே மிஸ்ஸிடம் போகிறார்கள், சொல்லச் சொல்லித்தான் எழுதுகிறேன். ஒரே பாலினத்தவரின் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகளை மாற்றி, அதைக் குற்றமில்லை என்று ஆக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. அதோடு சட்டம் மாறிவிடவில்லை. அதனால் குறிப்பு எழுதி வைப்பீர்களா, யார் பார்ப்பார்கள் என்பதே அவர்களின் முதல் கேள்வி. சரியான கேள்வி, நாங்களும் கேட்டிருக்கலாம். அவர்களுக்கிடையில் சண்டை சமையலுக்கும் சீட்டுக்காசுக்கும்தானாம். மிஸ்ஸும் அதைப் பற்றித்தான் கதைக்கிறாராம்.

குறைகள்: மழைக்குச் சிக்னல் போய்விடும். டேட்டா காசு தனி. வீட்டில் தனிமை கிடையாது, மகள் வகுப்புக்குப் போகிற நேரம் கடையை மூடிவிட்டு அங்கே இருந்து கதைக்கிறோம். கதவைத் தட்டுகிற வாடிக்கையாளருக்குச் சாக்குச் சொல்லியே இவருக்குப் பழகிவிட்டது. மிஸ்ஸுக்கு நுண்கடன் பிரச்சினை அவ்வளவு விளங்கவில்லை. கடன்காரன் வாசலில் நிற்கிற நாளில் மூச்சுப் பயிற்சி உதவாது. குடி முற்றினவர்களுக்கும் முதலில் வைத்தியசாலை உளநலப் பிரிவுதான் சரி. நடு இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

ஆள் தேடுகிறவர்கள் முதல் அழைப்பிலேயே உங்கள் நிலைமையை ஒளிக்காமல் இரண்டு வரியில் சொல்லிப் பாருங்கள். "இருவருக்கும் என்ன கஷ்டம்?" என்று கேட்டால் தொடரலாம். "கோயிலில கட்டினதா, எழுதினதா?" என்று கேட்டால் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிடுங்கள், எங்கள் பக்கம் அதை எல்லாரும் நம்புவார்கள்.