பாஸ்டன் ஃப்ரீடம் டிரெயில்: கட்டாயம் நடங்கள், ஆனால் பாதியில் திரும்பிவிடாதீர்கள்

பாஸ்டன் வரும் நம் ஆட்கள் பலரும் கேட்கும் கேள்வி, ஃப்ரீடம் டிரெயிலுக்கு வழிகாட்டி வைத்துக்கொள்ள வேண்டுமா, இல்லை நாமே நடந்து பார்த்துவிடலாமா என்பதுதான். முதல் பாதிக்கு வழிகாட்டி வேண்டும், இரண்டாம் பாதியை நீங்களே நடந்துவிடலாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்கினால்தான் புரியும்.

பாஸ்டன் காமன் பூங்காவில் தொடங்கி, ஆற்றைக் கடந்து சார்ல்ஸ்டவுனில் இருக்கும் பங்கர் ஹில் நினைவுத்தூண் வரை தரையில் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது, பெரும்பாலும் செங்கல், சில இடங்களில் வெறும் பெயின்ட். சுமார் நான்கு கிலோமீட்டர், 16 இடங்கள். பிரிட்டனிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள் பிரிட்டிஷ் ராஜாவின் ஆட்சிக்கு எதிராகச் செய்த கலகத்தின் கதைதான் இவற்றில் பெரும்பாலும். கோட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கக் காசு கிடையாது, சில கட்டடங்களுக்குள் போக மட்டும் டிக்கெட்.

நான் ஒரு தனியார் குழுவோடு போனேன். பதினெட்டாம் நூற்றாண்டு உடையில், முக்கோணத் தொப்பியோடு வந்த வழிகாட்டி நல்ல பேச்சுக்காரர். எனக்குப் பிடித்தது அவருடைய உடை இல்லை, "குடியேறிகள் நல்லவர்கள், ராஜா கெட்டவர்" என்று தொடங்காமல் லண்டன் பக்கத்து நியாயத்தை அவர் முதலில் வைத்ததுதான். 1763-ல் முடிந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டனின் கடன் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகி 13 கோடி பவுண்டைத் தொட்டது. அந்தப் போரில் ஒரு பகுதி இந்தக் குடியேறிகளைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து காப்பாற்ற நடந்தது. இங்கிலாந்தில் இருந்தவர்கள் பல காலமாக முத்திரை வரி கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், அதே வரியை 1765-ல் இங்கேயும் போட்டால் என்ன தப்பு? சரி, எங்களுக்கு நாடாளுமன்றத்தில் ஆள் இல்லையே என்று குடியேறிகள் கேட்டால், மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூடத்தான் உறுப்பினர் இல்லை என்று பதில் வரும். குழுவில் இருந்த அமெரிக்கர்கள் சிலர் இதை முதல் தடவையாகக் கேட்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அந்தப் பதில் லண்டனுக்குச் சாதகமாகத் தெரியவில்லை, மான்செஸ்டர்காரனுக்கும் அநியாயம் நடந்திருக்கிறது என்று மட்டும்தான் அது காட்டுகிறது.

பழைய அரசு மாளிகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கூரை மேல் இன்றைக்கும் பிரிட்டிஷ் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் நிற்கின்றன, கீழே தரையில் உருளைக்கற்கள் பதித்த ஒரு வட்டம், சுற்றி டிராஃபிக். 1770 மார்ச் 5-ஆம் தேதி இந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டு ஐந்து பேர் செத்தார்கள், அதில் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஆப்பிரிக்க, பூர்வகுடி வம்சாவளியினர். அந்தச் சிப்பாய்களுக்காக வாதாடிய வக்கீல், பின்னாளில் இரண்டாவது அதிபரான ஜான் ஆடம்ஸ். ஆறு பேர் விடுதலை, இரண்டு பேருக்குக் கட்டைவிரலில் சூடு போட்டதோடு சரி. ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களின் ஜூரி இப்படித் தீர்ப்பு சொன்னது என்பதை யோசித்தால், இது சட்டம் இல்லாத காட்டு ஊர் இல்லை, தன்னைத் தானே ஆளத் தெரிந்த ஊர் என்பது விளங்கும்.

ஓல்ட் சவுத் மீட்டிங் ஹவுஸுக்கு உள்ளே கட்டாயம் போங்கள், பழைய அரசு மாளிகைக்கும் இதற்கும் ஒரே டிக்கெட். 1773 டிசம்பர் 16 அன்று ஆயிரக்கணக்கானோர் கூடி, அங்கிருந்து துறைமுகத்துக்குக் கிளம்பி 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். வரி ஏறியதால் கொட்டினார்கள் என்று நாம் பள்ளியில் படித்தது பாதி உண்மைதான். அந்த வருடச் சட்டத்தால் தேயிலை விலை குறையத்தான் செய்தது. பவுண்டுக்கு மூன்று பென்ஸ் பழைய வரி அப்படியே இருக்க, கிழக்கிந்தியக் கம்பெனி இடையில் வியாபாரிகள் இல்லாமல் நேரடியாக விற்கலாம் என்றார்கள். கடத்தல் தேயிலையில் சம்பாதித்த பாஸ்டன் பணக்காரர்களுக்கு அடி விழுந்தது, அதுவும் ஒரு காரணம், மறைக்க வேண்டியதில்லை.

ஆமாம், நம்மைச் சுரண்டிய அதே கம்பெனிதான். கொட்டியது சீனத் தேயிலை என்றாலும், கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்ததில் 1770 வங்காளப் பஞ்சத்துக்கும் பங்கு உண்டு. ஆசியாவில் இந்தக் கம்பெனி செய்ததைப் பாருங்கள், அடுத்து நாம்தான் என்று பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் 1773-லேயே எழுதினார். என் குழுவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. இந்தியர்கள் அதிகம் வரும் ஊரில் இதைச் சொல்லாமல் விடுவது பெரிய குறை.

தேயிலையைக் கொட்டியதை மட்டும் வைத்துக் கலகத்தை நியாயப்படுத்த என்னால் முடியாது. அடுத்தவன் சரக்கு அது, நஷ்ட ஈடு கேட்டது தப்பில்லை. ஆனால் 1774-ல் லண்டன் என்ன செய்தது? யார் கொட்டினார்கள் என்று பார்க்காமல் ஜூன் முதல் தேதியிலிருந்து துறைமுகத்தையே மூடி மொத்த ஊரின் பிழைப்பையும் கெடுத்தது. அதைவிட மோசம், பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சாசனத்தை மாற்றி, தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த மேல்சபையை ராஜா நியமிக்கும் சபை ஆக்கியது, ஆளுநர் அனுமதி இல்லாமல் ஊர்க்கூட்டம் வருடத்துக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்றது. மனு கொடுக்கவும் கூடிப் பேசவும் இருந்த வழியையே அடைத்துவிட்டு, சட்டப்படி நடந்துகொள் என்றால் எப்படி? என் கணக்கில் கலகம் நியாயமானது இங்கேதான், மூன்று பென்ஸில் இல்லை. என் வழிகாட்டி இதை ஒரு நிமிடத்தில் கடந்துவிட்டு டீ கதைக்கு மட்டும் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. 1774 ஜனவரியில் ஜான் மால்கம் என்ற சுங்க அதிகாரியின் சட்டையைக் கழற்றி, உடம்பில் தார் ஊற்றி, இறகு ஒட்டி, வண்டியில் ஊர்வலம் விட்டார்கள், தோல் உரிந்து வந்தது. இதை வழிகாட்டி சிரிப்பு வரும்படி சொன்னார், கூட்டமும் சிரித்தது. நியாயமான கலகத்துக்குள்ளும் அநியாயம் நடக்கும், அதை அநியாயம் என்றே சொல்ல வேண்டும்.

பெரும்பாலான சுற்றுகள் போல எங்களுடையதும் ஃபேனியல் ஹாலில் முடிந்தது. அடிமை வியாபாரத்தில் சம்பாதித்த பீட்டர் ஃபேனியல் கட்டிக்கொடுத்த மண்டபம், "சுதந்திரத்தின் தொட்டில்" என்று பெயர். இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, டிப்ஸ் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். தயவுசெய்து அங்கிருந்து ஹோட்டலுக்குத் திரும்பிவிடாதீர்கள். கோட்டைப் பிடித்து நார்த் எண்ட் வழியாக காப்ஸ் ஹில் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள், அங்கே பிரின்ஸ் ஹாலின் கல்லறை இருக்கிறது. இவரும் வேறு சில கறுப்பினத்தவரும் 1777-ல் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு மனு போட்டார்கள், பிரிட்டனுக்கு எதிராக நீங்கள் சொல்லும் ஒவ்வொரு நியாயமும் எங்கள் பக்கம் ஆயிரம் வாதங்களைவிட வலுவாகப் பேசுகிறது என்று. 1783 வாக்கில் நீதிமன்றத் தீர்ப்புகளால் இங்கே அடிமை முறை சட்ட பலம் இழந்தது. தெற்கே நிலைமை வேறு. கலகக்காரர்களின் அடிமைகள் எங்கள் பக்கம் வந்து சண்டை போட்டால் விடுதலை என்று 1775-லேயே வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் அறிவித்திருந்தார், அங்கே ஒரு அடிமைக்கு ராஜா பக்கம் போவதுதான் சுதந்திரம். குடியேறிகள் கேட்டது நியாயம், கேட்டதை மற்றவர்களுக்குத் தராதது அநியாயம், இரண்டையும் சேர்த்துப் பார்க்க இந்தக் கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்தே ஆக வேண்டும். பூர்வகுடிகள் விஷயத்தில் எனக்கு அதைவிடக் கோபம். மேற்கே அவர்கள் நிலத்தில் குடியேறக் கூடாது என்று 1763-ல் ராஜா போட்ட எல்லையும் குடியேறிகள் ராஜா மேல் சொன்ன குறைகளில் ஒன்று, நான் கேட்ட சுற்றில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நடைமுறைக்கு வந்தால், நல்ல ஷூ போடுங்கள். குழந்தைகள் நார்த் எண்ட் வரும்போது சோர்ந்துவிடுவார்கள், அங்கே இத்தாலிய உணவகங்கள் நிறைய, சைவம் பிரச்சினை இல்லை. பங்கர் ஹில் தூணில் 294 படி, லிஃப்ட் கிடையாது, முழங்கால் வலி இருப்பவர்கள் கீழேயே இருந்துவிடுங்கள். வழிகாட்டிக்கு ஐந்துக்கு மூன்று, டிரெயிலுக்கு ஐந்துக்கு ஐந்து. பதிவு செய்யும்போதே சுற்று எங்கே முடிகிறது, அடிமை முறை பற்றிப் பேசுவார்களா என்று கேட்டுவிடுங்கள்.