வீட்டுப்பாடம்: பெற்றோர் பொறுப்பா, பிள்ளை பொறுப்பா?

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மத்திய அரசின் 2020 புத்தகப்பை கொள்கையும் அதையே சொல்கிறது. ஆனாலும் டைரியில் எழுதி வருகிறதே, யார் பார்ப்பது?

பெற்றோர் எடுத்துக்கொண்டால் நோட்டு பளிச்சென்று இருக்கும். ஆனால் 'ழ'வின் சுழியைக்கூட அம்மாவே கையைப் பிடித்துப் போட்டுவிட்டால், பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று டீச்சருக்கு எப்படித் தெரியும்?

பிள்ளையிடம் விட்டால் தப்பு வரும், சில நாள் மறந்தும் போகும். வரட்டும், நான் இந்தப் பக்கம்தான். ஆறு வயதில் நேரம் பார்த்து உட்காரத் தெரியாது; கூப்பிட்டு உட்கார வைப்பது மட்டும் நம் வேலை. எழுதுவது, அழிப்பது, நோட்டைப் பையில் வைப்பது எல்லாம் பிள்ளையே செய்யட்டும். அப்புறம், ப்ராஜெக்ட் சார்ட்டைப் பெற்றோரே ஒட்டி அனுப்புவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.