பழியும் தன்னேற்பும்: மூன்று மிகுபுனைவு நாவல்கள்

மிகுபுனைவில் (ஃபேன்டசி) பழிவாங்கும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. பழிவாங்கப் புறப்பட்டவர் தம்மைத்தாமே எந்தக் கண்ணால் பார்க்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லும் கதைகள்தாம் அரிது. உர்சுலா கே. லெ குவினின் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ (1968), ஜோ அபர்கிராம்பியின் ‘பெஸ்ட் சர்வ்ட் கோல்ட்’ (2009), என். கே. ஜெமிசினின் ‘தி ஃபிஃப்த் சீசன்’ (2015) ஆகிய மூன்றையும், பழி, பிறப்பின் பெயரால் வரும் வெறுப்பு, தன்னைத் தானே ஏற்கும் தன்னேற்பு என்ற மூன்று இழைகளும் எப்படிப் பின்னுகின்றன என்ற கேள்வியை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

பழிவெறியை மட்டும் எடுத்துக்கொண்டால் அபர்கிராம்பியே முந்துகிறார். கூலிப்படைத் தலைவி மோன்ஸாவின் தம்பியைக் கொன்றுவிட்டு, அவளையும் மலைக்கோட்டையிலிருந்து வீசியெறிகிறார்கள். நொறுங்கிய கையோடு பிழைத்தெழும் அவள், அதில் பங்குகொண்ட ஏழு பேரையும் ஒவ்வொருவராகத் தேடிப் போகிறாள். விறுவிறுப்பில் குறையே இல்லை. ஆனால் பிறப்பின் பெயரால் ஒருவரை வெறுக்கும் கொடுமை இக்கதையின் மையத்தில் இல்லை.

லெ குவின் பழியின் திசையையே மாற்றுகிறார். ஆடு மேய்த்து வளர்ந்த கெட், மந்திரப் பள்ளியில் உயர்குடி மாணவன் ஒருவனின் ஏளனத்தைப் பொறுக்க மாட்டாமல், இறந்துபோன பெண்ணின் ஆவியை அழைத்துக் காட்டுகிறான். அப்போது திறந்த பிளவின் வழியே வெளிவரும் நிழல் அவன் முகத்தைக் கிழித்துவிடுகிறது. அதற்கு அஞ்சி ஓடிக்கொண்டிருந்தவனிடம், திரும்பி நின்று நீயே அதைத் துரத்து என்கிறார் பழைய குரு. நிழல் யார் என்பதைக் கெட் கண்டுகொள்ளும் இடம், தன்னேற்பைப் பற்றி நான் வாசித்தவற்றிலேயே மிகத் துல்லியமான பக்கங்கள். கெட் செம்பழுப்பு நிறத்தவன். அப்படியிருந்தும் 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடர் அவனை வெள்ளையனாக்கியது; லெ குவின் அதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். அவர் கதைக்குள் பெரிதாகப் பேசாமல் விட்ட நிறவெறுப்பு கதைக்கு வெளியே வந்து நின்றதை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது.

மூன்று இழைகளும் ஒரே முடிச்சாக இறுகுவது ஜெமிசினிடம்தான். நிலத்தின் அதிர்வை அடக்கவும் எழுப்பவும் வல்லவர்களை உலகமே அஞ்சி வெறுக்கும் இடத்தில், எஸ்ஸுன் தன் ஆற்றலை மறைத்துக்கொண்டு சிற்றூர் ஒன்றில் வாழ்கிறாள். சின்ன மகனுக்கும் அந்த ஆற்றல் உண்டென்று அறிந்த கணவன், அவனை அடித்தே கொன்றுவிட்டு மகளோடு போய்விடுகிறான். எஸ்ஸுன் பிள்ளையின் உடலைப் போர்வையால் மூடுகிறாள்; முகத்தை மட்டும் மூடவில்லை, ஏனென்றால் அவனுக்கு இருட்டென்றால் பயம். அந்த ஒரு செயலுக்குப் பிறகு அவளுடைய பழியுணர்வுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

அவள் பகுதிகள் முழுக்க ‘நீ’ என்று முன்னிலையில் எழுதப்பட்டிருப்பது முதலில் இடறும். சிறுவயது முதல் உன் பிறவியே ஆபத்து என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டு, அந்த வெறுப்பைத் தனதாகவே விழுங்கிவிட்ட ஒருத்தியால் ‘நான்’ என்று சொல்ல முடியவில்லை என்றே அந்த ‘நீ’யை நான் வாசிக்கிறேன். இந்த நாவலும் தொடரின் அடுத்த இரண்டும் 2016 முதல் 2018 வரை அடுத்தடுத்து, அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் வழங்கப்படும் ஹ்யூகோ விருது பெற்றன.

ஆகவே என் தேர்வு ‘தி ஃபிஃப்த் சீசன்’. குழந்தையின் சாவோடு தொடங்கும் கதையைத் தாங்க இயலாத மனநிலையில் இருப்பவர்கள், அளவிலும் சிறியதான லெ குவினின் நாவலை முதலில் எடுப்பது நல்லது. ஜெமிசினைத் தொடங்குபவர்கள் மூன்று பாகங்களையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் கணவனைத் தேடிப் போகும் எஸ்ஸுனின் பயணம் முதல் நாவலோடு முடிவதில்லை.