டிசம்பரில் 'ஆறு கடக்கும் காட்சி': கென்யாப் பயணத்துக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

இந்தப் பதிவை எழுத ஐந்து மாதம் காத்திருந்தேன். சிங்கப்பூரின் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் விவகாரம் முடியும்வரை வாயைத் திறக்க வேண்டாம் என்று மனைவி சொல்லியிருந்தார். சென்ற வாரம் பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. கட்டியதில் ஒரு பகுதிதான் வந்தது என்றாலும், வந்தது வந்ததே. சமரசம் செய்துகொண்ட பிறகு நிறுவனத்தின் பெயரை இழுப்பது முறையன்று என்பதால் அதை எழுதவில்லை. ஆனால் அவர்கள் எங்களுக்கு விற்ற விதத்தை எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு இதே பயணத்தைப் பேசி முடிக்கும் குடும்பங்கள் இப்போதும் இருக்கும்.

எல்லாம் என் அம்மாவின் ஆசையில் தொடங்கியது. அவருக்கு 67 வயது. தொலைக்காட்சியில் ஆப்பிரிக்க விலங்குகளைக் காட்டினால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். எருதின் தலையும் குதிரையின் வாலும் கொண்ட வில்டபீஸ்ட் கூட்டம், முதலைகள் காத்திருக்கும் ஆற்றில் ஆயிரக்கணக்கில் குதித்து நீந்துவதை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதி முடிக்கும் ஆண்டு அது என்பதால், டிசம்பர் விடுமுறையில் நால்வரும் போய்விடலாம் என்று முடிவு செய்து, லிட்டில் இந்தியா வட்டாரத்தில் உள்ள ஒரு பயண முகவையை அணுகினோம். அங்கிருந்த விற்பனையாளர் அழகாகத் தமிழ் பேசினார். என்னை அண்ணே என்றும் அம்மாவை அம்மா என்றும் அழைத்தார். அம்மாவுக்கு முதுகுவலி என்று அறிந்ததும் நாற்காலியில் தலையணை வைத்துக் கொடுத்தார். அந்தத் தலையணையைப் பார்த்த பிறகு நான் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதியைக் கேட்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒருவருக்கு 6,350 சிங்கப்பூர் வெள்ளி, விமானக் கட்டணம் உட்பட எட்டு நாள் பயணம். மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் மூன்று இரவு, அதற்கு முன் நைவாஷா ஏரிக்கரையில் ஓர் இரவு. வாயால் சொல்லப்பட்டவை இவை: மாரா ஆற்றை விலங்குகள் கடக்கும் காட்சி, காப்பகத்துக்குள்ளேயே தங்குமிடம், எங்கள் குடும்பத்துக்கென்று தனி லேண்ட் குரூசர், நைரோபியிலிருந்து மாராவுக்குச் சிறு விமானம், நம் மண்டாய் விலங்குத் தோட்டத்தில் இருப்பதுபோல ஓர் இரவுச் சவாரி. விலைப்பட்டியலில் எழுதப்பட்டிருந்தவை: 'தங்குமிடம்', 'வாகனம்', 'டிரான்ஸ்ஃபர்', 'விலங்குகளைக் காணும் சவாரி'. இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் படித்தது திரும்பி வந்த பிறகுதான். 'டிரான்ஸ்ஃபர்' என்ற ஒரு சொல் விமானத்தையும் குறிக்கும், ஆறு மணி நேரச் சாலைப் பயணத்தையும் குறிக்கும். எங்களுக்குச் சொல்லும்போது அதற்கு முதல் பொருள் இருந்தது, எங்களை ஏற்றும்போது இரண்டாவது பொருள் வந்துவிட்டது.

முதல் ஏமாற்று மாதத்தில் இருந்தது. ஏறத்தாழ 13 இலட்சம் வில்டபீஸ்ட்டுகளும் அவற்றோடு வரிக்குதிரைகளும் மழையையும் புல்லையும் பின்தொடர்ந்து தான்சானியாவின் செரெங்கெட்டிக்கும் கென்யாவின் மாசாய் மாராவுக்கும் இடையே ஆண்டு முழுவதும் வட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. அவை மாரா ஆற்றை ஒட்டி இருப்பது பொதுவாக ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. நவம்பரில் மழை தொடங்கியதும் தெற்கே திரும்பி, டிசம்பருக்குள் செரெங்கெட்டியின் தென்பகுதிச் சமவெளிகளை நோக்கிப் போய்விடுகின்றன. எரிமலைச் சாம்பல் படிந்த அந்த மண்ணில் முளைக்கும் குட்டைப் புல்லில் தாய் விலங்குகளுக்குப் பால் சுரக்கத் தேவையான தாதுச்சத்துகள் மிகுதி. பிப்ரவரியை ஒட்டி அங்கேதான் குட்டி போடுகின்றன. ஆகவே டிசம்பரில் மாரா ஆற்றங்கரையில் நின்று அந்தக் காட்சிக்குக் காத்திருப்பது, தைப்பூசம் முடிந்து ஒரு மாதம் கழித்துச் சிராங்கூன் சாலையில் காவடிக்குக் காத்திருப்பதைப் போன்றது. நம் பள்ளி நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள்: ஜூன் விடுமுறையில் கூட்டம் பெரும்பாலும் செரெங்கெட்டியின் மேற்குப் பகுதியில் இருக்கும், டிசம்பரில் தெற்கே இருக்கும். ஆற்றைக் கடக்கும் பருவத்தில் நமக்கு வாய்ப்பது செப்டம்பரின் ஒரு வார விடுமுறை மட்டுமே. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

இரண்டாவது விஷயத்தைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. தடுப்பூசி ஏதும் வேண்டுமா என்று மனைவி நேரடியாகவே கேட்டார். "கென்யாவுல யாரும் கேக்க மாட்டாங்க அக்கா, நான் எத்தனையோ பேரை அனுப்பியிருக்கேன்" என்றார் விற்பனையாளர். அது அரை உண்மை. சிங்கப்பூரிலிருந்து நேராகப் போகிறவரிடம் கென்யா மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைக் கேட்பதில்லை. கேட்பது நம் நாடு, திரும்பி வரும்போது. மஞ்சள் காய்ச்சல் பரவும் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் கென்யாவும் இருக்கிறது. அத்தகைய நாட்டில் கடந்த ஆறு நாளுக்குள் இருந்துவிட்டு வரும் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்கள், தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கான அனைத்துலகச் சான்றிதழைக் காட்ட வேண்டும். சான்றிதழ் இல்லாத குடியிருப்பாளர்களை ஆறு நாள் வரை தனிமைப்படுத்த அதிகாரிகளுக்குச் சட்டம் இடமளிக்கிறது. ஊசி போட்ட பத்து நாளுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி நேரத்தில் ஓடிப்போய்ப் போட்டுக்கொள்வதிலும் பயனில்லை.

இதை எங்களுக்குச் சொன்னவர் என் அலுவலக நண்பர், புறப்படுவதற்கு மூன்று வாரத்துக்கு முன், மதிய உணவின்போது, போகிறபோக்கில். மறுநாளே பயணிகளுக்கான மருந்தகத்துக்குப் போனோம். எனக்கும் மனைவிக்கும் மகனுக்கும் அரை மணி நேரத்தில் ஊசி போட்டாகிவிட்டது. அம்மாவின் முறை வந்ததும் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் தடுப்பூசி. 60 வயதைக் கடந்தவர்கள் முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும்போது, அரிதாகவே என்றாலும், கடுமையான பக்கவிளைவுகள் வரும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். அம்மா உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் பார்த்துவிட்டு, ஓர் உல்லாசப் பயணத்துக்காக இந்த அபாயத்தை ஏற்கும்படி தம்மால் சொல்ல முடியாது என்று பொறுமையாக விளக்கினார். டாக்சியில் வீடு திரும்பும்போது அம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்கப்பா, எனக்கு வீடியோ எடுத்துட்டு வாங்க" என்றார்.

அம்மாவின் பங்கைத் திருப்பித் தர முடியாது என்று நிறுவனம் எழுத்து மூலம் தெரிவித்தது. புறப்பட 30 நாளுக்குள் ரத்து செய்தால் முழுத் தொகையும் போய்விடும் என்பது நிபந்தனை, அதில் நான் கையொப்பமிட்டிருந்தேன். தடுப்பூசி பற்றி அவர்கள் செப்டம்பரிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் செப்டம்பரிலேயே மருத்துவரைப் பார்த்து, வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்திருப்போம் என்று நான் எழுதியதற்கு, உடல்நலத் தகவல்களைத் தெரிந்துகொள்வது பயணியின் பொறுப்பு என்று பதில் வந்தது. இப்போது எந்த விற்பனையாளரிடமும் நான் முதலில் கேட்பது, போகும் நாடு என்ன கேட்கும் என்பதையன்று, திரும்பும்போது சிங்கப்பூர் என்ன கேட்கும் என்பதைத்தான்.

பயணத்தை விரித்துச் சொல்ல விருப்பமில்லை, ஆனால் சில இடங்களைத் தாண்டவும் முடியவில்லை. விமானத்துக்காக 15 கிலோ மென்பைகளில் அளந்து அளந்து கட்டிய துணிமணிகளோடு, நைரோபியில் எங்களை ஏற்றிக்கொள்ள நின்றது கூரை உயரும் ஒரு மினிவேன். உள்ளே முன்பின் அறியாத நால்வர் ஏற்கெனவே ஜன்னலோரங்களில் இருந்தார்கள். கடைசியில் நரோக் வழியாக மாராவுக்கும் அதே வேனில்தான் போனோம். தங்குமிடம் காப்பகத்துக்குள் இல்லை, செக்கெனானி வாயிலுக்கு வெளியே இருந்தது. வாயிலில்தான் அடுத்த அதிர்ச்சி: நுழைவுக் கட்டணத்தை நாங்களே கட்ட வேண்டுமாம். 2024 முதல் மாசாய் மாராவில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஜனவரியிலிருந்து ஜூன் வரை 100 அமெரிக்க டாலர், ஜூலையிலிருந்து டிசம்பர் வரை 200 அமெரிக்க டாலர் கட்டணம். அந்த அனுமதி காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை மட்டுமே. எனக்கும் மனைவிக்கும் மூன்று நாளுக்கு 1,200 டாலர், மகனுக்குச் சிறுவர் கட்டணம் தனி, ஆக ஏறத்தாழ 1,800 வெள்ளியை என் கடன் அட்டையில் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போனோம். விலைப்பட்டியலைக் கைப்பேசியில் திறந்து பார்த்தேன். 'சவாரி' என்று இருந்தது, 'நுழைவுக் கட்டணம்' என்று எங்கும் இல்லை. இரவுச் சவாரி என்பதும் அந்தக் காப்பகத்தில் கிடையாது. அதைச் சுற்றியுள்ள மாசாய் மக்களின் நிலங்களில் அமைந்த தனிப் பாதுகாப்பு நிலங்களில்தான் அதற்கு அனுமதி உண்டு. எங்கள் தங்குமிடம் அவற்றில் ஒன்றிலும் இல்லை.

வேன் ஓட்டுநர் நல்ல மனிதர். இரண்டாம் நாள் நான் கேட்டுக்கொண்டதற்காக மாரா ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். பழுப்பு நிறத் தண்ணீரில் நீர்யானைகள் கிடந்தன, மணல்திட்டில் ஒரு முதலை. மகன் எப்போது கடக்கும் என்று கேட்டான். ஓட்டுநர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு தெற்குப் பக்கம் கை காட்டி, அவையெல்லாம் இப்போது அந்தப் பக்கம் தான்சானியாவில் இருக்கின்றன, நீங்கள் ஆகஸ்டில் வந்திருக்க வேண்டும் என்றார். எதையும் விற்க வேண்டிய நிலையில் இல்லாத ஒருவர் இந்தப் பயணத்தைப் பற்றி எங்களிடம் சொன்ன முதல் வாக்கியம் அது. அம்மாவுக்காக அந்த வெற்று ஆற்றை இரண்டு நிமிடம் வீடியோ எடுத்தேன்.

சிங்கங்களைப் பார்த்தோம், யானைக் கூட்டங்களைப் பார்த்தோம், புல் உயர்ந்திருந்ததால் தலை மட்டும் தெரிந்த ஒரு சிறுத்தையையும் பார்த்தோம். அதை மறைத்தால் நான் பொய்யனாவேன். மாசாய் மாரா டிசம்பரில் போகத் தகாத இடமன்று. எங்களுக்கு விற்கப்பட்டது அந்த டிசம்பர் அல்ல, அவ்வளவுதான்.

திரும்பியதும் முதலில் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போனேன். அவர்கள் வழியாகப் பேசியதில் நிறுவனம் அடுத்த பயணத்துக்கு 500 வெள்ளிப் பற்றுச்சீட்டு தருவதாகச் சொன்னது. அடுத்த பயணமாம்! பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இணையம் வழியாக மனு செய்தேன். அங்கே 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலும் கோரலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர் யாரும் வாதாட முடியாது. என் கோரிக்கை 9,400 வெள்ளி: அம்மாவின் பங்கு, நுழைவுக் கட்டணம், விமானத்துக்கும் தனி வாகனத்துக்கும் உரிய வேறுபாடு. மனுக் கட்டணம் 20 வெள்ளிதான்.

விற்பனையாளர் சொன்னதில் ஏறக்குறைய எல்லாமே தொலைபேசியிலும் நேரிலும் சொன்னவை, அவற்றுக்குச் சாட்சி நானும் மனைவியும்தான். என் கையில் இருந்தது, நான் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் கேள்விக்கு அவர் அனுப்பிய ஒரே வரி: டிசம்பர் முதல் வாரத்தில் ஆறு கடக்கும் காட்சி உறுதி, கவலை வேண்டாம். அந்த ஒரு வரியை எடுத்து வைத்ததும், அதுவரை நிபந்தனைகளையே படித்துக்கொண்டிருந்த நிறுவனத்தின் பிரதிநிதியின் குரல் மாறியது. 5,200 வெள்ளிக்குச் சமரசம் ஆனது. இரவுச் சவாரியைப் பற்றியும் தடுப்பூசியைப் பற்றியும் அதே போல எழுத்தில் கேட்டிருந்தால் மீதியும் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எனவே, கடைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்த அன்று இரவே, அவர் சொன்னதையெல்லாம் நீங்களே ஒரு குறுஞ்செய்தியாக எழுதி, இன்ன வாகனம், இத்தனை பேர், காப்பகத்துக்கு உள்ளேயா வெளியேயா, நுழைவுக் கட்டணம் யார் பொறுப்பு, போவது வானிலா சாலையிலா என்று வரிசையாகக் கேட்டு, சரிதானா என்று உறுதி பெறுங்கள். உறுதி தரத் தயங்கும் வரியில்தான் ஏதோ இருக்கிறது.

இன்னொன்று. அந்த நிறுவனம் உரிமம் பெற்றதுதான். சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் இணையப்பக்கத்தில் உரிமம் பெற்ற முகவைகளின் பட்டியலில் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன். உரிமம் அவர்களுக்குத் தொழில் நடத்த அனுமதி உண்டு என்று சொல்லும், வில்டபீஸ்ட் எந்த மாதம் எங்கே இருக்கும் என்று சொல்லாது. ஆனால் உரிமம் பெற்ற நிறுவனமாக இருந்ததால்தான் வழக்கு தொடுக்க எதிரே ஒரு முகவரி இருந்தது. இறுதித் தவணையைத் தம் சொந்தக் கைப்பேசி எண்ணுக்குப் பேநௌ (கைப்பேசிவழிப் பணமாற்றம்) செய்தால் 200 வெள்ளி குறைத்துத் தருவதாக விற்பனையாளர் ஒருமுறை கேட்டார். மனைவி ஒரே பேச்சாக மறுத்து, நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்பினார். அந்த 200 வெள்ளிக்கு நான் ஆசைப்பட்டேன் என்பதை அவர் இன்னும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஜூன் விடுமுறையில் தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம், அம்மாவும் வருகிறார். தென்னாப்பிரிக்கா மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு நேரடி விமானம் இருப்பதால் பட்டியலில் உள்ள வேறு நாடுகளில் இறங்கி மாற வேண்டியதும் இல்லை. ஜூனில் அங்கே குளிர்காலம், மழை இல்லாத பருவம், புல் காய்ந்து விலங்குகள் தண்ணீர்த் துறைகளைத் தேடி வரும் காலம். ஆறு கடக்கும் காட்சி அங்கே கிடையாது என்று அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். திறந்த வாகனத்தில் விடிகாலையில் குளிரும் என்று எங்கோ படித்துவிட்டு, ஊரிலிருந்து சித்தி கொண்டுவந்து கொடுத்த கம்பளிச் சால்வையை இப்போதே எடுத்து மடித்து வைத்திருக்கிறார்.