ஏலகிரிக்கு 11-28 போதும், இலங்கைக்குப் போதாது: ஷிமானோ 105 11-34 கேசட்

வேலூரில் ரோடு பைக் வாங்குகிற பெரும்பாலானோருக்கு முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு தட்டுகள் உள்ள 50/34 காம்பாக்ட் க்ராங்க்கும், பின்னால் 11 முதல் 28 பல் வரையிலான பல்சக்கர அடுக்கான 11-28 கேசட்டும்தான் வந்து சேர்கிறது. காட்பாடி, ராணிப்பேட்டை, பெங்களூரு நெடுஞ்சாலை என்று சமவெளியிலேயே ஓட்டும்வரை அதில் ஒரு குறையும் இல்லை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் அதே கியரில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடலாம். அங்கேதான் தப்புக் கணக்கு தொடங்குகிறது. “ஏலகிரியே ஏறியாச்சு, நுவரெலியா என்ன பெரிசு?” என்று நம்பி, கியரை மாற்றாமல் கொழும்புக்கு டிக்கெட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஏலகிரி, பயிற்சி உள்ளவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற ஏற்றம். இலங்கையில் ஏ5 சாலையில் கம்பளையை விட்டுக் கிளம்பினால் புசல்லாவை, றம்பொடை, லபுக்கலை வழியாக 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியா வரை ஏறத்தாழ 1,400 மீட்டர் ஏற வேண்டும். றம்பொடைக்கு மேல் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வளைவுமேல் வளைவாக வரும்போது கால் ஏற்கெனவே பாதி தீர்ந்திருக்கும். மறுநாள் வெலிமடைப் பக்கம் இறங்கினால் அப்புத்தளைக்கோ எல்லவுக்கோ போகத் திரும்பவும் மேடு. வெல்லவாயவிலிருந்து எல்லவுக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில் வெயில் நம் ஊர் வெயிலேதான். ஒரு மணி நேரம் முட்டி தாங்கிய அழுத்தத்தை, நான்கு மணி நேரம், அதுவும் அடுத்தடுத்த நாட்களில் தாங்காது.

எண்களிலேயே பார்த்துவிடலாம். வண்டியும் ஆளும் சேர்ந்து 80 கிலோ, சரிவு 8 சதவீதம், டயர் 700x28 என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 34, பின்னால் 34 பல். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர், அதற்குத் தேவை ஏறத்தாழ 170 வாட். பின்னால் 28 பல்லில் அதே 70 சுற்று வேண்டுமானால் வேகம் 10.9 ஆகும், 205 வாட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். அவ்வளவு இல்லாதவர் 9 கிலோமீட்டர் வேகத்திலேயே போகலாம்தான், ஆனால் மிதி 58 சுற்றுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு மிதியிலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் அழுத்தம். அந்த வித்தியாசத்தை முதலில் சொல்வது மூச்சு அல்ல, முட்டிச்சிப்பிக்குக் கீழே வரும் வலி.

அதனால் பின்னால் 11 பல்சக்கரம் உள்ள ‘11 ஸ்பீடு’ 105 (ஷிமானோவின் ரோடு பைக் கியர் தொகுதி) வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஷிமானோவின் ஹெச்ஜி700, 11-34 கேசட்டைத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். கார்பன் சக்கரம் வாங்கும் யோசனையில் இருந்தால் அதைத் தள்ளிப்போட்டு முதலில் இதை வாங்குங்கள். மலைக்கு இதைப்போல் பலன் தருகிற செலவு வேறில்லை.

“பெரிய கேசட் போட்டால் பல்லுக்குப் பல் இடைவெளி அதிகமாகி, சமவெளியில் ஓட்டவே பிடிக்காது” என்று ஒரு பேச்சு உண்டு. இந்தக் கேசட்டைப் பொறுத்தவரை அது முக்கால்வாசி வீண் பயம். 105-இன் 11-28 கேசட்டில் இருப்பவை 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28. இதில் 11, 13, 15, 17, 19, 21, 23, 25, 27, 30, 34. வைத்துப் பாருங்கள், 15 முதல் 25 வரை இரண்டும் ஒன்றே. போனது 12, 14, 28. வந்தது 27, 30, 34. குழுவாக 30 முதல் 38 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எந்த மாற்றமும் தெரியாது. அதற்கு மேலே போனால்தான் உறுத்தும்: 50 பல் தட்டில் 90 சுற்று மிதித்தால் 15-ஆம் பல்லில் 38, அடுத்த 13-ஆம் பல்லில் 44. நடுவில் ஒன்றும் கிடையாது. நெடுஞ்சாலையில் டைம் டிரையல் வேகத்தில் தனியாக ஓட்டுபவர் பழைய 11-28-ஐத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, மலைப் பயணம் முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம். எடை ஏறத்தாழ 100 கிராம் கூடும். அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

கேசட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் வேலை முடியாது. செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பின் டெரெய்லர் எது என்று முதலில் பாருங்கள். 11 ஸ்பீடு 105-இன் ஆர்7000 வரிசையில் இரண்டு வகை. குட்டைக் கூண்டு உள்ள எஸ்எஸ் 30 பல் வரைக்கும்தான். அது தாங்கும் மொத்த வித்தியாசம் 35. நடுத்தரக் கூண்டு உள்ள ஜிஎஸ் 34 பல் வரை போகும். மொத்த வித்தியாசம் 39. நம் கணக்கு, முன்னால் 50-34 என்பதில் 16, பின்னால் 34-11 என்பதில் 23, கூட்டினால் சரியாக 39. ஜிஎஸ்ஸுக்கு மயிரிழை மிச்சமில்லாமல் பொருந்துகிறது. எஸ்எஸ்ஸில் போட்டால், பெரிய பல்லுக்கு வரும்போது கூண்டின் மேல் உருளை பல்லில் உரசும். செயினை எந்த நீளத்துக்கு வெட்டினாலும் ஒரு முனையில் தொங்கும் அல்லது மறுமுனையில் இழுபடும். டெரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கருக்கு நீட்டிப்புத் துண்டு போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். உருளை உரசுவதை வேண்டுமானால் அது தீர்க்கும், செயின் பிரச்சினையைத் தீர்க்காது. டெரெய்லரையே மாற்றிவிடுங்கள்.

செயினும் புதிதாக வேண்டும். 410 மில்லிமீட்டர் செயின்ஸ்டே (க்ராங்க் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரையிலான குழாய்) உள்ள சட்டத்தில் 11-28-க்கு 106 கண்ணி போதும். 11-34-க்கு 110 தேவை. பழைய குட்டைச் செயினோடு தவறிப்போய் முன்னால் 50, பின்னால் 34 என்று மாற்றினால் டெரெய்லர் முன்னே இழுபட்டு ஹேங்கர் முறியும். சில சமயம் ஆரக்கம்பிகளையும் சேர்த்துக்கொண்டு போகும். இது மலையில் களைத்த கை செய்கிற தவறு, எவருக்கும் நடக்கும். நீளம் பார்க்கும் முறை எளிது: டெரெய்லருக்குள் விடாமல், பெரிய தட்டையும் பெரிய பல்லையும் சுற்றிச் செயினை இறுக்கிப் பிடித்து, கண்ணிகள் சேரும் இடத்திலிருந்து இன்னும் இரண்டு கண்ணி விட்டு வெட்ட வேண்டும்.

இனி, கடைகளில் அடிக்கடி தப்பிப்போகும் அந்தச் சின்ன வளையம். பெட்டியைத் திறந்ததும் கேசட்டோடு 1.85 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு ஸ்பேசர் இருக்கும். பத்து ரூபாய் வாஷர் போலத் தெரியும், பிளாஸ்டிக் உறையோடு குப்பைக்குப் போய்விடும். 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி, கேசட் ஏறும் இடம்) அது கட்டாயம் வேண்டும். ஆரக்கம்பிப் பக்கம் முதலில் அதை நுழைத்துவிட்டுத்தான் கேசட்டை ஏற்ற வேண்டும். பழைய 8, 9, 10 ஸ்பீடு ஹப் என்றால் வேண்டாம். ரோடு ஹப்பில் அது இல்லாமல் போட்டால், கேசட்டை இறுக்கும் திருகு வளையமான லாக்ரிங் தன் கடைசிவரை இறங்கி நின்றுவிடும், கேசட் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். கியர் தானாகத் தாவுவதைப் பார்த்துக் கேபிளைத் திருகித் திருகி நேரம்தான் போகும். மாட்டி முடித்ததும் 34 பல்லை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். துளி அசைந்தாலும் கடையிலிருந்து வண்டியை எடுத்துவராதீர்கள்.

லாக்ரிங் முறுக்கம் 30 முதல் 50 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாத இடத்தில் கால் மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் 16 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் 40 வந்துவிடும். கடைசியில் ‘கட கட’வென்று பல் ஏறும் சத்தம் கேட்கும், அது சரியானதுதான், பயந்து நிறுத்திவிடக் கூடாது. பிறகு பி-டென்ஷன் திருகு. முன்னால் 34, பின்னால் 34-இல் வைத்து க்ராங்க்கைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். மேல் உருளை பல்லில் படாமல், ஆனால் முடிந்த அளவு நெருங்கி நிற்க வேண்டும். அதிகம் விலக்கிவிட்டால் சின்னப் பற்களில் கியர் மந்தமாக விழும்.

புதிய அமைப்பைச் சோதிக்க ஏலகிரியைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. வளைவின் உள்பக்கத்தில் சரிவு சட்டென்று கூடும். அங்கே மிதியின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி 27-இலிருந்து 30-க்கும், 30-இலிருந்து 34-க்கும் மாற்றிப் பாருங்கள். மூன்றும் நான்கும் பல் வித்தியாசம் என்பதால் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் ‘டக்’கென்று அடித்துத்தான் விழும். இதை இந்தக் கேசட்டின் குணம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வளைவுக்கு இரண்டு சுற்று முன்னாலேயே மாற்றப் பழகினால் சத்தமே இருக்காது.

விமானத்தில் வண்டியைப் பெட்டி கட்டும்போது டெரெய்லரை 5 மில்லிமீட்டர் அலன் சாவியால் கழற்றி, துணி சுற்றிச் சட்டத்தின் உள்பக்கம் கட்டிவிடுங்கள். மாட்டியபடியே விட்டால் ஹேங்கர் வளையும். வளைந்த ஹேங்கரில் 34 பல் ஆரக்கம்பிக்கு ஆபத்து. திரும்ப மாட்டும்போது 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். உங்கள் சட்டத்துக்கான ஹேங்கர் ஒன்றும், ஒரு ஜோடி பிரேக் பேடும் கையில் இருக்கட்டும். நுவரெலியாவிலிருந்து இறங்கும் சாலைகள் பேடைத் தின்னும். ஷிமானோ டிஸ்க் பேடில் தேய்மானப் பொருள் 0.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

12 ஸ்பீடு 105 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேசட் பொருந்தாது, தேவையும் இல்லை. அதில் 11-34, 11-36 என்று நேரடியாகவே கிடைக்கிறது, 12-ஆம் பல்லும் 14-ஆம் பல்லும் போகாமலே. மலையகத்துக்கென்றே தேர்ந்தெடுப்பதானால் 36.