கால்குலேட்டரின் % பொத்தான்: 200 உடன் 10% கூட்டினால் நான்கு விடைகள்

200 + 10 % என்று அழுத்திப் பாருங்கள். கையில் இருக்கும் கருவியைப் பொறுத்து 220 வரலாம், 200.1 வரலாம், 222.22 வரலாம், 2100 கூட வரலாம். இவற்றில் எதுவுமே பழுது இல்லை. ஒவ்வொரு கருவியும் தனக்குச் சொல்லிக்கொடுத்தபடிதான் கணக்குப் போடுகிறது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் எந்தக் கருவியிலும் ஒரே வேலையைச் செய்யும்போது, % மட்டும் கருவிக்குக் கருவி வேறு வேலை செய்கிறது. தினசரிக் கணக்கில் அதிகம் தேவைப்படும் பொத்தானும் அதுதான் என்பதால் இதைத் தனியாக எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

'நூற்றுக்குப் பத்து' என்று சொல்லும்போது எதில் நூற்றுக்கு என்பது பேச்சில் தானாகப் புரிந்துவிடும். கருவிக்கு அது புரியாது. ஏதோ ஒரு எண்ணை அது அடிப்படையாக எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த எண்ணை எடுப்பது என்பதில்தான் தயாரிப்பாளர்கள் பிரிகிறார்கள்.

முதல் வகை, 220 காட்டுவது. ஐஃபோன் கால்குலேட்டரும், விண்டோஸ் கால்குலேட்டரின் ஸ்டாண்டர்டு முறையும் இப்படி. விண்டோஸில் 200 + 10 அடித்து % தொட்டதும் திரையில் 10 மறைந்து 20 வரும். பிறகு = அழுத்தினால் 220. அந்த இடைநிலை எண்ணைக் கண்ணால் பார்க்க முடிவது பெரிய வசதி. தவறு நடந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பொதுப் பயன்பாட்டுக்கு இந்த வகைதான் சிறந்தது. ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. 200 + 50 + 10 % என்று தொடர்ச்சியாக அடித்தால், 10% என்பதை அதுவரை சேர்ந்த 250இல் கணக்கிட்டு 275 தரும். 50க்கு மட்டும் 10% சேர்க்க நினைத்தவருக்கு வரவேண்டியது 255. பல பொருட்களுக்கு வெவ்வேறு விகிதம் இருக்கும் பட்டியலைக் கூட்டுபவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒவ்வொரு வரியையும் தனியாகக் கணக்கிட்டு நினைவகத்தில் (எம் பிளஸ்) சேர்ப்பதே வழி. விண்டோஸை சயின்டிஃபிக் முறைக்கு மாற்றினால் % பொத்தானே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

200.1 காட்டும் வகைக்கு % என்பது வெறுமனே 'நூறால் வகு' என்று பொருள். காசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் இப்படித்தான்; எக்செலும் அப்படியே. இங்கே 10% என்றால் 0.1, அவ்வளவுதான். கணித நோக்கில் இதுவே மிக நேர்மையான நடத்தை, ஏனென்றால் கருவி எதையும் ஊகிப்பதில்லை. அடிப்படை எண்ணை நீங்களே எழுத வேண்டும்: 200 + 200 × 10 %. மாணவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். எதில் எத்தனை சதவீதம் என்று எழுதாமல் தப்பிக்க வழியில்லாததால் கருத்து மனதில் பதியும்.

2100 பார்ப்பவர்கள் அதிர்ந்துபோவார்கள். காசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ் மாடலில் 200 + 10 அடித்து ஷிஃப்ட், % அழுத்தினால் வருவது அதுதான். இரண்டு எண்களையும் கூட்டி, இரண்டாவது எண்ணால் வகுத்து, நூறால் பெருக்குகிறது: 210 ÷ 10 × 100. அர்த்தமற்றதாகத் தோன்றும், ஆனால் கழித்தலில் இதன் பயன் தெரியும். 40 ஆக இருந்தது 46 ஆனால் எத்தனை சதவீத உயர்வு? 46 − 40 ஷிஃப்ட் % என்றால் நேரே 15. மற்றக் கருவிகளில் கழித்து, வகுத்து, நூறால் பெருக்க வேண்டிய வேலை ஒரே வரியில் முடிகிறது. அதே 46 − 40 % என்பதை ஐஃபோனில் அடித்தால் 27.6 வரும், ஏனென்றால் அது 46இல் 40 சதவீதத்தைக் கழிக்கிறது. எஃப்எக்ஸ்-82எம்எஸ்ஸில் 15% ஏற்றிப் பார்க்க முறை வேறு: 2500 × 15 ஷிஃப்ட் %, அதன் பின் +. விடை 2875. தள்ளுபடிக்கு கடைசியில் −. குறி கடைசியில் வருவது பழகச் சற்று நாளாகும்.

222.22 என்பது கடைக்காரர்களை மனதில் வைத்துச் செய்த சில மேசைக் கால்குலேட்டர்களின் விடை. அடக்கவிலை 200, விற்பனை விலையில் 10% லாபமாக நிற்க வேண்டும், அப்படியானால் விற்பனை விலை என்ன? 200 ÷ 0.9. கேள்வி சரியானது, விடையும் சரியானது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காதவர் கையில் இதே கருவி ஆபத்து. எம்யூ (மார்க்-அப், அதாவது லாபம் சேர்த்த விலை) என்ற தனிப் பொத்தான் உள்ள மாடல்கள் இந்த வேலையைப் பிரித்து வைத்திருக்கின்றன; 200 ÷ 20 எம்யூ என்றால் 250. இதில் 50 என்பது விற்பனை விலையில் 20%, அடக்கவிலையில் 25%. லாபம் எத்தனை சதவீதம் என்று ஒருவர் சொன்னால் எதன் மேல் என்று கேட்காமல் பேரம் முடிக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

இத்தனை குழப்பத்துக்கும் மருந்து பெருக்கல். 10% ஏற்ற 1.1 ஆல் பெருக்குங்கள், 10% குறைக்க 0.9 ஆல். உலகின் எந்தக் கால்குலேட்டரிலும் 200 × 1.1 என்பது 220தான். 20% தள்ளுபடிக்கு மேல் இன்னொரு 10% தள்ளுபடி என்றால் 0.8 × 0.9 = 0.72, அதாவது மொத்தம் 28%, 30 அல்ல. பாதியாகக் குறைந்த ஒன்று பழைய நிலைக்கு வர 100% ஏற வேண்டும் என்பதும் இப்படி எழுதினால் உடனே விளங்கும்: 0.5 × 2 = 1.

% பொத்தான் சுத்தமாகக் கைவிடும் ஒரு கணக்கு உண்டு. வரியோடு சேர்த்து 1150, வரி 15%, வரி இல்லாத விலை என்ன? பலர் 1150 − 15 % அடித்து 977.5 என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. வரி போட்டது சிறிய தொகையின் மேல், கழிப்பது பெரிய தொகையிலிருந்து. சரியான வழி 1150 ÷ 1.15 = 1000. டாக்ஸ் பிளஸ், டாக்ஸ் மைனஸ் என்று இரண்டு பொத்தான்கள் உள்ள மேசைக் கால்குலேட்டர்கள் இதை ஒழுங்காகச் செய்கின்றன. டாக்ஸ் மைனஸ் உள்ளுக்குள் வகுக்கிறது, கழிப்பதில்லை. முதலில் விகிதத்தைப் பதிக்க வேண்டும். காசியோவின் பல மாடல்களில் ஏசி என்ற அழிக்கும் பொத்தானை அழுத்தி, % பொத்தானைச் சற்று நேரம் பிடித்து, எண்ணை அடித்து, மீண்டும் % அழுத்தினால் பதிவாகிவிடும். பழைய விகிதமே உள்ளே கிடந்து மாதக்கணக்கில் தவறான விடை தருவது இதில் நடக்கக்கூடிய ஒரே பெரிய விபத்து. 100 அடித்து டாக்ஸ் பிளஸ் தொட்டால் பதிந்திருக்கும் விகிதம் தெரிந்துவிடும்.

இணையத்தில் கிடைக்கும் மூன்று பெட்டி சதவீதக் கால்குலேட்டர்கள் கேள்வியை வாக்கியமாக எழுதி வைப்பதால் புதியவர்களுக்கு நல்லவை. ஆனால் மேலே சொன்ன, வரி சேர்ந்த தொகையிலிருந்து வரி இல்லாத விலையைக் காணும் தலைகீழ்க் கணக்குக்குப் பெட்டி வைக்காதவையும் நிறைய. 4 சதவீதம் 5 சதவீதம் ஆனால் 25% உயர்வு என்று காட்டும். அதை ஒரு சதவீதப் புள்ளி உயர்வு என்றும் சொல்லலாம் என்பதை விளக்குவதில்லை.

எக்செலில் மட்டும் இரண்டு எச்சரிக்கை. ஏற்கெனவே 10 என்று அடித்த கட்டத்தைப் பிறகு சதவீத வடிவத்துக்கு மாற்றினால் 1000% ஆகும்; வடிவத்தை முதலில் மாற்றிவிட்டு 10 அடித்தால் 10% என்றே நிற்கும். இன்னொன்று, தசம இடம் இல்லாமல் காட்டச் சொன்னால் மூன்று சமபங்குகள் 33%, 33%, 33% என்று தெரியும், கூட்டுத்தொகைக் கட்டமோ 100% என்று காட்டும். உள்ளே முழு மதிப்பு பத்திரமாகத்தான் இருக்கிறது. அச்சிட்டுக் கொடுப்பதற்கு முன் ஒரு தசம இடமாவது கூட்டி, பங்குகள் வட்டமாக்கப்பட்டவை என்று கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.