பித்தளை கழுவுற டிரம் மெஷின்: ரொம்ப நாள் ஓட்டிப் பார்த்ததுல தெரிஞ்சது

இது விளக்கு கழுவுறதுக்குன்னு செஞ்ச மெஷின் இல்லீங்க. துப்பாக்கி கிளப்புல சுடுறவங்க, சுட்டு முடிச்ச பித்தளைக் கூடுகள கழுவி திரும்ப தோட்டா செய்யறதுக்கு வாங்குறது. உள்பக்கம் ரப்பர் ஒட்டின ஒரு டிரம், அதுல தண்ணி, கொஞ்சம் பாத்திரம் கழுவுற சோப்பு, சிட்ரிக் ஆசிட், அப்புறம் பொடிசா வெட்டுன ஸ்டெய்ன்லெஸ் கம்பி ஒரு ரெண்டு கிலோ, எல்லாத்தையும் போட்டு மூடி சுத்த விட்டா கம்பி உரசி உரசி உள்ள வெளிய எல்லா கருப்பையும் எடுத்துடும். ஆஸ்திரேலியா பெர்த்ல இருக்கிற என் மச்சான் கராஜ்ல இது ஓடுறத பார்த்ததுலேர்ந்து எனக்கு ஒரு கண்ணு, எங்க மலேசியா சுங்கை சிப்புட்ல தீபாவளி வந்தா வீட்டுக்கு வீடு புளியும் சாம்பலும் வச்சு விளக்கு தேய்க்கிற வேலை என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு அந்த ஆசை புரியும்.

மொதல்லயே ஒன்னு சொல்லிடுறேன், நம்ம நாட்டுல தோட்டா ரீலோட் பண்ணுற நெனப்பே வேணாம். 1960 ஆயுதச் சட்டம் இருக்கு, லைசென்ஸ் இல்லாம தோட்டா வச்சிருந்தா ஜெயில்தான். சுங்கை சிப்புட்காரனுக்கு இத சொல்லித் தெரிய வேண்டியதில்ல, 1948 ஜூன் 16ல இங்க எல்பில் தோட்டத்துல வெள்ளக்கார தோட்டத் தொரைய கம்யூனிஸ்ட்காரங்க சுட்ட பிறகுதான மலாயாவுல அவசரகாலமே வந்துச்சு. செம்பனை நடவு பண்ண மண்ணு தோண்டும்போது பழைய கூடு ஏதாச்சும் கெடைச்சா ஆசைப்பட்டு ஷோகேஸ்ல வைக்காதீங்க, போலீஸ் ஸ்டேசன்ல சொல்லிடுங்க.

மச்சான்கிட்ட நான் கத்துக்கிட்டது மெஷின் ஓட்டுறது இல்ல, அது சுவிட்ச் போட்டா ஓடப்போகுது. பிரிக்கிறதுதான் வேலை. கிளப்புல பொறுக்கிட்டு வந்த கூடு ஒரு வாளி கொட்டி உக்காந்தார்னா ஒரு சாயந்திரம் போயிடும். 9 எம்எம்ங்கிற தோட்டா வகையோட கூடு 19 மில்லி நீளம், அதுக்கு நடுவுல பாயிண்ட் 380ங்கிற வேற வகைக் கூடு வந்து ஒளிஞ்சிருக்கும், அது 17 மில்லிதான், பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பாயிண்ட் 45 வகையில அடியில இருக்கிற பிரைமர் ஓட்டை, அதாவது மருந்துக்கு நெருப்பு வைக்கிற சின்ன மூடி உக்காருற எடம், சிலதுல பெருசு, சிலதுல சிறுசு, கலந்துட்டா தோட்டா அழுத்திச் செய்யற பிரஸ்ல மாட்டிக்கும். அப்புறம் காந்தம் ஒன்னு வச்சு மேல ஓட்டுவார், பித்தளை பூச்சு பூசுன இரும்புக் கூடு ஒட்டிக்கிட்டு வந்துடும். அடியில அடிச்சிருக்கிற முத்திரைய கண்ணாடி போட்டு ஒவ்வொன்னா படிச்சு வேற வேற டப்பாவுல போடுவார், ராணுவத்துக்கு செஞ்ச கூட்டுல பிரைமர சுத்தி நசுக்கி வச்சிருப்பாங்களாம், அத சீவி எடுக்காம புது பிரைமர் உள்ள போகாது. வெடிப்பு விட்டதெல்லாம் நேரா பழைய சாமான் வாளிக்கு.

நான் விளக்கு சாமானுக்கு அதையே செய்யறேன், காந்தம் மொத ஆளு. பாசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, வாங்குன "பித்தளை" தூபக்கால் எத்தன இரும்புன்னு தெரிஞ்சா சிரிப்பீங்க. இரும்புல பூச்சு பூசுனத டிரம்ல போட்டா பூச்சு போயி துரு பிடிச்சு அந்தத் துரு மத்த சாமான் மேலயும் ஏறும். ரெண்டாவது வார்னிஷ் அடிச்ச சாமான், புதுசா வர்றதுல பாதி அப்படித்தான், அது திட்டுத் திட்டா உரிஞ்சு தேமல் வந்தாப்புல ஆயிடும், முழுசா வார்னிஷ் எடுத்துட்டுப் போடணும் இல்ல போடவே கூடாது. மணியில நாக்கு இரும்பா இருந்தா கழட்டிடணும். பஞ்சலோக விக்கிரகம் கொண்டு வந்தா கைய கூப்பி திருப்பி அனுப்பிடுவேன், மூக்கு முழி எல்லாம் மழுங்கிடும்.

குத்துவிளக்கு பத்தி எல்லாரும் கேக்குறாங்க. பெருசு போகாது, டிரம் பத்தாது, போனாலும் கனத்துல ஒன்னோட ஒன்னு மோதி நசுங்கும். சின்னதுன்னா கழட்டி தட்டு தனியா தண்டு தனியா போடலாம், ஆனா திருகு மரைய ரப்பர் குழாய் துண்டு மாட்டி மூடணும், ஏன்னா கம்பியும் மத்த சாமானும் இடிச்சு இடிச்சு மரை விளிம்ப தட்டி விட்டுடும், அப்புறம் ஏறாது. மச்சானோட தோட்டாக் கூட்டு வாயிலயும் இதே பிரச்சனை, ரொம்ப நேரம் ஓட்டுனா வாய் விளிம்பு மடிஞ்சு தடிச்சுப் போயிடும்னு சொல்லுவார். காமாட்சி விளக்கு, பஞ்சபாத்திரம், உத்தரணி, சந்தனக் கிண்ணம், இதுக்கெல்லாம் இந்த மெஷின மிஞ்ச ஒன்னும் இல்ல, காமாட்சியம்மன் பின்னாடி இருக்கிற சந்துல பல வருஷமா இறுகிப் போன எண்ணெய்ப் பிசுக்கு புளிக்கும் வராது பிரஷ்ஷுக்கும் வராது, இதுல ஒரு மணி நேரத்துல வந்துடும்.

பக்கத்து லயத்து பெரியம்மா ஒருத்தங்க அவங்க மாமியார் காலத்து தூங்கா விளக்கு கொண்டாந்தாங்க, கரிக்கட்டையாட்டம் இருந்துச்சு. கழுவி கையில கொடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "தம்பி, இது எங்க வெளக்குதானா, மாத்திட்டியா?"ன்னாங்க. அடியில அவங்க மாமியார் பேரு ஆணியில புள்ளி புள்ளியா குத்தியிருந்தது அப்பதான் தெரிஞ்சுச்சு, அத எழுத்துக் கூட்டிப் படிச்ச பிறகுதான் நம்புனாங்க.

சிட்ரிக் ஆசிட் பேக்கரி சாமான் கடையில கெடைக்கும், கால் டீஸ்பூன் போதும். கூடப் போட்டா, இல்ல ராத்திரி முழுக்க ஊற விட்டா, பித்தளை ரோஸ் கலருக்குப் போயிடும், மேலாப்புல இருக்கிற துத்தநாகம் கரைஞ்சு செம்பு மட்டும் நிக்கும். தோட்டாக் கூட்டுக்கு 70 பங்கு செம்பு 30 பங்கு துத்தநாகம், நம்ம சாமான்ல கலவை கடைக்குக் கடை மாறும், அதனால புதுசா ஒன்னு வந்தா மொதல்ல கொஞ்ச நேரம் ஓட்டி நிப்பாட்டிப் பார்ப்பேன்.

அம்மோனியா வாடை அடிக்கிற மெட்டல் பாலிஷ் மட்டும் வேணாம்னு மச்சான் அடிச்சு சொன்னார், காரணம் கேட்டா ஒரு பழைய கதை. வெள்ளக்காரன் காலத்துல இந்தியாவுல மழை சீசன்ல தோட்டாக் கூடெல்லாம் தானா வெடிப்பு விட்டுச்சாம், குதிரை லாயத்துல வச்சிருந்தாங்க, குதிரை மூத்திரத்துலேர்ந்து வர்ற அம்மோனியா ஈரத்தோட சேர்ந்து, இழுத்து அடிச்சு செஞ்ச பித்தளைய விரிசல் விட வச்சிருக்கு. 1921லதான் அத சரியா விளக்குனாங்க, சூடு காட்டி பதம் போட்டா அது நிக்கும். எனக்கு உடனே எங்க தோட்டத்து கித்தா பால், அதான் ரப்பர் பால், ஸ்டோர்தான் ஞாபகம் வந்துச்சு, பால் உறையாம இருக்க அம்மோனியா ஊத்துவாங்களே, கண்ணு எரியும். சன்னமான தகட்டுல அடிச்ச சொம்பு எதையும் மாட்டுக் கொட்டகை பக்கம் வைக்காதீங்க.

இப்ப குறைங்க. கம்பி பொறுக்குறது பெரிய ரோதனை, விளக்கு முகத்துல, குழாய்த் தண்டுக்குள்ள எல்லாம் போயி உக்காந்துக்கும், உதறி உதறி எடுக்கணும். அந்தக் கம்பி இழுத்து செஞ்சதால ஸ்டெய்ன்லெஸ்ஸா இருந்தும் காந்தத்துல கொஞ்சம் ஒட்டும், அது ஒரு புண்ணியம். காய வைக்கிறது இன்னொன்னு, மத்தியானம் மூனு மணிக்கு மழை கொட்டுற ஊர்ல தண்ணியோட அப்படியே விட்டா புள்ளி விழுந்துடும், எடுத்த உடனே துணியால தொடச்சு ஃபேன் அடியில போட்டுடுறேன். மூடியோட ரப்பர் வளையம் கசிய ஆரம்பிச்சுச்சு, செம்பனை ஆலையில ஃபிட்டர் வேலை பார்த்தவனுக்கு அது பெரிய விஷயமில்ல, ஷீட் வாங்கி வெட்டிப் போட்டேன். சத்தமும் இருக்கு, ராத்திரி ஓட்டாதீங்க, லயத்து செவுரு எவ்வளவு சன்னம்னு தெரியும்ல.

கழுவுன தண்ணி கருப்பா மை மாதிரி வரும், கிளவுஸ் போடுங்க. மச்சான் டிரம்ல சமையல் சாமான் ஒன்னு கூட போடமாட்டார், பிரைமர் புகையில ஈயம் இருக்கு, அது ரப்பர்ல ஒட்டியிருக்கும். அதனால வெளிநாட்டுலேர்ந்து யாராச்சும் பழைய டிரம் மலிவா தர்றேன்னா பஞ்சபாத்திரத்துக்கு அத வாங்காதீங்க, புதுசே வாங்குங்க. நான் முன்னூத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். அமெரிக்கா மாடல்னா 110 வோல்ட்டா இருக்கும், நம்ம பிளக்குல நேரா சொருகுனா மோட்டார் புகைஞ்சிடும், 240 போட்டிருக்கான்னு அடியில ஸ்டிக்கர பார்த்துட்டு காசக் கொடுங்க.